பிரேக் வாத்தியாரின் கால்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரேக் வாத்தியார் என்பார்கள். பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. முதல் நாள் பயத்தோடு உட்காரும் ஆட்களிடம், "நீங்க சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்குங்க. வண்டியை ஓட்டுறது நான். பிரேக் என் கால்ல இருக்கு" என்பார். முக்கால்வாசிப் பயம் அதிலேயே போய்விடும். மீதியை அவர் திட்டியே விரட்டுவார்.

மாமா குடிப்பார். அதில் எனக்குக் கோபம் உண்டு. வேலை நேரத்தில் தொட்டதில்லை என்று தனக்குத்தானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டவர். காலையில் பல் தேய்த்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தால் முந்தின நாள் குடித்ததெல்லாம் இறங்கிவிட்டது என்று நம்பினார். நாங்களும் நம்புவதுபோல் இருந்தோம்.

பயிற்சிப் பள்ளியில் விண்ணப்பம் எழுதுவது என் வேலை. ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அவர் மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போட்டபோது வாடை குப்பென்று அடித்தது. கார்ச் சாவி என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. நான் இழுப்பறையைத் திறந்து ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைய முதல் ஆள் தையல்கார அம்மா, ஐம்பது வயதில் கார் கற்க வந்தவர். மார்க்கெட் திருப்பத்தில் போலீஸ் நிறுத்தியது. குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் கருவியில் அந்த அம்மா ஊதினார், ஒன்றுமில்லை. காகிதங்களை நீட்டிய மாமா வாயைத் திறந்ததும் அவரையும் ஊதச் சொன்னார்கள். கருவி கத்தியது.

"நான் ஓட்டலையே சார். இவங்கதானே ஓட்டுறாங்க" என்றார் மாமா.

அந்த அம்மா பதறிவிட்டார். வாத்தியாரை உயர்த்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இல்லைங்க சார். நான் சும்மா பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். வாத்தியார்தான் ஓட்டுறாரு. பிரேக் அவர் கால்லதான் இருக்கு" என்றார். போலீஸ்காரர் அதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டார்.

வழக்கு வரும்வரை மாமா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தெருவில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள், யார் முகத்தில் முழிப்பது? அக்கா பழக்கதோஷத்தில் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டி வைத்தாள். வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். "குற்றம்னு ஆயிட்டா இனி ஜென்மத்துக்கும் வாத்தியார் வேலை கிடையாது. ஓட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தம்மா உளறிட்டாங்கன்னு நான் பாத்துக்கிறேன்."

கோர்ட்டில் தையல்கார அம்மா சாட்சி பெஞ்சில் புடவைத் தலைப்பைத் திருகியபடி உட்கார்ந்திருந்தார். வண்டியை ஓட்டியது யார் என்று நீதிபதி கேட்டார். மாமா அந்த அம்மாவைப் பார்த்தார்.

"நான்தாங்க ஓட்டினேன். பிரேக் என் கால்ல இருந்துச்சு."

அபராதம் போட்டார்கள். ஆறு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். வாத்தியார் உரிமம் ஒரேயடியாகப் போனது. வெளியே அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "என்னாலதானே வாத்தியாரே."

"நான் சொல்லிக்குடுத்ததைத்தானேம்மா சொன்னீங்க" என்றார் மாமா.

பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். அங்கே வந்ததும் கேட்டார்.

"மாப்ள, அன்னைக்கு எதுக்கு மிட்டாய் குடுத்த?"

"வாடை அடிச்சுது மாமா."

அவர் தலையாட்டினார். "நீ சாவியை எடுத்து ஒளிச்சு வச்சிருந்தா, குடுன்னு நான் கேட்டிருக்க மாட்டேன்டா."

எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. ஊரையே திட்டித் திட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் வரும்வரை நான் தலை நிமிரவில்லை.