இருநூற்றுப் பதிமூன்றாவது ஊர்

வானிலை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவளைக் கோந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் வைத்த பெயர், பத்தொன்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோந்து என்றால் ஒட்டத்தானே செய்யும்.

மழைக் கணக்குப் போடும் கணினி நிரலை நாற்பது வருடத்துக்கு முன்பு ஃபோர்ட்ரான் மொழியில் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். கிழடுதான், ஆனால் கணக்கில் புலி. அந்தக் கணக்கை ஊர் ஊராகப் பிரித்து மக்கள் பார்க்கும் பக்கத்தில் போடுகிற நிரல் புதியது. எதிர் அறைக்காரர்கள் பைத்தான் மொழியில் எழுதியது. இது கேட்பது அதற்குப் புரியாது, அது சொல்வது இதற்குப் புரியாது. பழையதைப் புது மொழியில் திருப்பி எழுதிவிடலாமே என்றால், ஓடுகிற வண்டியில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் கோந்தக்கா இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன நிரல் எழுதி உட்கார்த்தி வைத்திருந்தாள். அது இந்தப் பக்கப் பேச்சை அந்தப் பக்கம் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. நடக்காவிட்டால் முதலில் உருளுவது அவள் தலை.

இந்த வேலைக்கு அவள் ஆறு வயதிலேயே பழகிவிட்டவள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். என்ன சண்டை என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது, வீம்பு மட்டும் மறக்கவில்லை. "குழாயை மூடச் சொல்லு, கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேளு" என்பார் அப்பா. அவள் போய், "பெரியப்பா, குழாய் திறந்திருக்காம்" என்பாள். "ஏன், உங்கப்பனுக்குக் கை இல்லையா?" என்பார் அவர். அவள் திரும்பி வந்து, "மூடிடுறாராம்ப்பா" என்பாள். வரும் வழியில் குழாயை அவளே மூடியிருப்பாள். இப்படிப் பேச்சை வடிகட்டி வடிகட்டியே வளர்ந்தவள்.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. பொதுமக்கள் அழைப்பு அவளுக்கு வரக் கூடாது. கீழே உள்ளவர்கள், "டெக்னிக்கல்" என்று சொல்லித் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"செங்கல் சூளைக்காரன் பேசுறேங்க. உங்க பட்டியல்ல எங்க ஊருதான் கடைசி. இருநூத்திப் பன்னெண்டு."

"சொல்லுங்க."

"மூணு வாரமா உங்க பக்கத்துல எங்க ஊருக்கு மழையே இல்லன்னு போடுறீங்க. ஆனா நாலு தடவை கொட்டிடுச்சு. பச்சைக் கல்லு எல்லாம் கரைஞ்சு சேறாப் போச்சுங்க. இன்னைக்கு அறுபதாயிரம் கல்லு காய வைக்கணும். இதுவும் போச்சுன்னா சூளைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். பதினாலு பேரு வேலை செய்யுறோம். அதான் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு."

கோந்தக்கா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. வானிலை ஆட்கள் வெயில் என்றால் குடை எடுத்துக்கொண்டு போ என்று ஊரே கிண்டலடிப்பது அவளுக்குத் தெரியும். அந்த ரோஷத்தில் வாயைவிட்டாள்.

"மழை இல்லைங்க. தைரியமா காய வைங்க. மேகம் ஏமாத்தலாம், எங்க கணக்கு ஏமாத்தாது."

"நீங்க சொன்னா சரிங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு தடவை தவறலாம், இரண்டு தடவை தவறலாம். நாலு தடவையுமா? தன் நிரலைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது. எதிர் அறைக்குப் போய்க் கண்ணாடிக்காரரிடம் கேட்டாள். பைத்தான் பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. அவரும் ஓட்டிக் காட்டினார், அதுவும் சரியாக இருந்தது. "சூளைக்காரர் தூறலைப் பார்த்து பயந்திருப்பார்க்கா" என்று சிரித்தார் அவர்.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் பேருந்து ஓட்டுநர். அன்றைக்கு விடுப்பு எடுத்து மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தார்.

"ஏம்மா, இங்க ஒரே ரகளை. பாப்பாவ ஆழமான பக்கம் பெரிய பசங்களோட நிக்க வச்சுட்டாங்க. அவ தண்ணியில இறங்க மாட்டேன்னு அழுவுறா."

"எதுக்கு அங்க நிக்க வச்சாங்க? எட்டு வயசுப் பிள்ளை!"

"பத்து வயசுக்கு மேல அந்தப் பக்கமாம்."

"அவளுக்குப் பத்துன்னு யாரு சொன்னா?"

"நீதான! காலையில கேட்டேன், ஒன்பதுன்னு சொன்ன. ஃபாரத்துல நடக்கிற வயசு போடுன்னு இருந்துச்சு. ஒன்பது முடிஞ்சிருந்தா பத்துதான நடக்கும்? ஒண்ணு கூட்டிப் போட்டேன்."

"நான் சொன்னதே நடக்கிற வயசுங்க! எட்டு முடிஞ்சு ஒன்பது நடக்குது. பெத்த பொண்ணு வயசு தெரியாதா உங்களுக்கு? நான் ஏற்கெனவே கூட்டிச் சொன்னதுல நீங்க இன்னொண்ணு..."

அத்தோடு அவள் பேச்சு நின்றது.

விஷயம் இதுதான். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும். பட்டியலில் முதலாக வரும், ஆற்றின் தலைப்பில் இருக்கும் ஊர் அதற்குப் பூஜ்யம். பழைய ஃபோர்ட்ரான் நம்மைப் போல ஒன்றிலிருந்து எண்ணும். அதனால் பைத்தான் பக்கமிருந்து வரும் எண்ணோடு கோந்தக்காவின் நிரல் ஒன்றைக் கூட்டிக் கொடுக்கும். அவள் எழுதியதிலேயே சின்ன வரி அதுதான்.

எதிர் அறைக்கு ஓடினாள். "தம்பி, நீங்க ஊர் நம்பரை அனுப்பும்போது ஒண்ணு கூட்டுறீங்களா?"

"ஆமாக்கா. பழசு ஒண்ணுல இருந்துதான எண்ணும்? உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு மூணு வாரம் முன்னாடி நானே மாத்திட்டேன். மெயில் போட்டேனே, பார்த்தேன்னு பதில்கூடப் போட்டீங்க."

போட்டிருந்தாள். படிக்காமலே போட்டிருந்தாள். தலைக்கு மேல் வேலை கிடந்த நாள் அது.

ஆளுக்கொரு ஒன்றை மரியாதையாகக் கூட்டிவிட்டார்கள். மூன்று வாரமாக ஒவ்வொரு ஊருக்கும் அடுத்த ஊரின் மழை போய்க்கொண்டிருந்தது. பட்டியல் ஆற்றோரமாக வரிசையாகப் போவதால் பக்கத்து ஊர்களில் மழை ஏறக்குறைய ஒன்றுதான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசி ஊருக்கு மட்டும் அடுத்த ஊர் கிடையாது. இல்லாத இருநூற்றுப் பதிமூன்றாவது ஊரைக் கேட்டால் பழைய மொழி கோபித்துக்கொள்ளவும் இல்லை. அந்த இடத்தில் நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதை எடுத்துக் கொடுத்தது. அங்கே கிடந்தது பூஜ்யம்.

சூளைக்காரர் ஊரின் உண்மையான கணக்கு இருநூற்றுப் பதினொன்றுக்கு நேராக இருந்தது. மூன்று மணிக்கு மேல் முப்பத்து நாலு மில்லிமீட்டர். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

பிரிவுத் தலைவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதல்ல கமுக்கமா சரி பண்ணு. அந்த ஆளுகிட்ட, புதுசாத் தகவல் வந்துச்சு, மழை இருக்குன்னு சொல்லு. பொய்யும் இல்ல பாரு. எதுக்கு நாமே வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்?"

வடிகட்டிச் சொல்லச் சொல்கிறார். அவளுக்குக் கைவந்த கலைதான். சரி என்று தலையாட்டிவிட்டு இருக்கைக்கு வந்தாள்.

மூன்று முறை அடித்தும் சூளைக்காரர் எடுக்கவில்லை. தைரியமாகக் காய வை என்று சொன்ன தன் வாயை நினைத்துத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. நாலாவது முறை எடுத்தார்.

"மழை வருது. மூணு மணிக்கு மேல. எல்லாத்தையும் மூடிடுங்க."

"காலையில இல்லன்னீங்களே?"

புதுத் தகவல் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"தப்பாச் சொல்லிட்டேன். உங்க ஊரு மழையை நாங்க வேற வரியில போட்டிருந்தோம். மூணு வாரமா."

"அப்போ அந்த நாலு தடவையும்?"

"அதுவும் தப்புதாங்க. நான்தான் கவனிச்சிருக்கணும், கவனிக்கலை."

அந்தப் பக்கம், "டேய், தார்ப்பாய எடுங்கடா!" என்று ஒரு கத்தல். தொடர்பு அறுந்தது.

தன் வரியில் கூட்டியிருந்த ஒன்றை எடுத்தாள். கண்ணாடிக்காரரை அழைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு ஊரையும் இரண்டு பேருமாகச் சத்தம் போட்டு வாசித்துச் சரிபார்த்தார்கள். நடந்த தவறை நாலு வரியில் எழுதி, மக்கள் பார்க்கும் பக்கத்தில் போடச் சொல்லித் தலைவர் மேசையில் வைத்தாள். அவர் படித்தார், முறைத்தார், கடைசியில் கையெழுத்துப் போட்டார். மூன்று இருபதுக்கு அங்கே மழை தொடங்கியதாக அளவுக் கருவி காட்டியது. கூப்பிட்டுக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"கடைசி ஆள் பேசுறேன்."

"சொல்லுங்க" என்றாள்.

"நாப்பதாயிரம் தப்பிச்சுது. இருபதாயிரம் போச்சு. தார்ப்பாய் பத்தலை."

"மன்னிச்சிடுங்க."

"நல்லாத் திட்டணும்னுதான் போன் எடுத்தேன். வாய்ல நிறைய வச்சிருந்தேன். நம்பர் போடுறதுக்குள்ள பாதி மறந்து போச்சு. சூளைய மூடலைங்க. நாப்பது போதும், தீ மூட்டிடலாம். நாளைக்கு மிச்சக் கல்லைக் காய வைக்கணும். உங்க கணக்கு என்ன சொல்லுது?"

இத்தனைக்கும் பிறகு இந்த மனிதர் தன்னிடமே கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை. திரையில் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இருநூத்திப் பன்னெண்டுல விரல் வச்சுப் பார்த்துச் சொல்றேங்க. வெயில்."

"சரி. அப்போ காலையில பரப்பிடுறேன்."

அவர் வைத்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். வெயில்தான்.