ஈயம் இறங்காத மண்

கிளாம்பாக்கத்தில் விடிகாலையில் ஏறிய பேருந்து என்னைப் பெரம்பலூரில் இறக்கிவிட்டபோது மணி பதினொன்று இருக்கும். மாவட்டத் தலைநகரானாலும் இங்கே ரயில் கிடையாது. சென்னையிலிருந்து ஏறக்குறைய இருநூற்று எழுபது கிலோமீட்டரையும் சாலை வழியாகத்தான் கடக்க வேண்டும். வழியில் பக்கத்து இருக்கைக்காரர் என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்துக் கேமராவா என்று கேட்டார். மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று காட்டும் கருவி என்றேன். தங்கம் இருந்தாலும் காட்டுமா என்றார். காட்டும் என்று சொன்னதிலிருந்து அவர் தூங்கவே இல்லை.

நான் சென்னையில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். என்னை வரவழைத்தவள் ஆரோக்கியமேரி. வரதராஜன்பேட்டைக்காரி. கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்தவள், இப்போது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியை. அந்த ஊரை ஒட்டி, ராணுவத்தினர் பல வருடங்களாகத் துப்பாக்கி சுடப் பழகும் மைதானம் ஒன்று இருக்கிறது. சுட்ட குண்டுகளின் ஈயம் மழையோடு இறங்கிக் குடிதண்ணீர்க் கிணற்றில் கலந்திருக்குமோ என்ற பயம் ஊரில் பரவிவிட்டது. கிணற்றை மூடிவிட வேண்டும் என்று பாதிப்பேர். மூடினால் கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது என்று மீதிப்பேர். மைதானத்துப் பொறுப்பு அதிகாரியை மேரியே நேரில் பார்த்துப் பேசிச் சோதனைக்கு அனுமதி வாங்கியிருந்தாள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் எழுதவில்லை.

மேரியின் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். டவுனைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், நடுநடுவே வெடித்த பருத்தி. உழுதுபோட்ட கரிசல் மண் வெயிலில் ஈரம் போலப் பளபளத்தது. அரியலூர்ப் பக்கமிருந்து சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது மேரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மைதானத்தில் அன்று பயிற்சி இல்லை. காவலுக்கு இருந்த சிப்பாய் வடக்கத்திக்காரர். சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டுக் கூடவே நடந்தார். வெட்டவெளியின் கடைசியில், குண்டுகளைத் தடுக்க எழுப்பிய மண்மேடு ஒன்று ஊர்க்கோயில் மதிலைவிட உயரமாக நின்றது.

அதன் மேல் கை வைத்தேன். மண்ணைத் தொட்டது போலவே இல்லை. ஒரு பிடி அள்ளினால் பாதிக்குமேல் உலோகம். மோதிய வேகத்தில் செம்புத் தோல் உரிந்து, எருக்கம்பூ விரிந்தது போலக் கிடந்தன குண்டுகள். உள்ளே இருந்த ஈயத்தின்மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு. எத்தனை பேர் இங்கே மூச்சைப் பிடித்துக் குறி பார்த்திருப்பார்கள், அதில் எத்தனை பேர் பனி மலைகளில் காவல் நின்று திரும்பியிருப்பார்கள் என்று யோசித்தபடி நின்றேன். மேரிதான் தோளைத் தட்டினாள்.

கருவி தலைமுடி உலர்த்தும் மெஷின் போலத்தான் இருக்கும். மண்ணில் அழுத்தி விசையை இழுத்தால் சற்று நேரத்தில் உள்ளே என்னென்ன உலோகம் என்று திரையில் வரும். மேட்டின் முகத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அடிவாரத்தில் குழி தோண்டச் சொன்னேன். சிப்பாயே மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். முழங்கை ஆழத்தில் ஈயம் சட்டென்று குறைந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் ஏறக்குறைய இல்லவே இல்லை. கருவியில் கோளாறோ என்று துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அதேதான். வேறு மூன்று இடங்களில் தோண்டினோம். எல்லா இடத்திலும் அப்படித்தான்.

கடைசிக் குழியில் மண்வெட்டி எதிலோ இடித்தது. சிப்பாய் குனிந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையை நிறைக்கும் சிப்பி. கல்லாகிப் போன சிப்பி. குழியின் சுவரைப் பார்த்தால் அதைப் போல ஏராளம், வெள்ளைச் சுண்ணாம்பு அடுக்கில் பதிந்து கிடந்தன.

"கடல் கெடந்த எடம்டி இது," என்றாள் மேரி. "எங்க பசங்க பைக்குள்ள சிலேட்டுக்குச்சியோட இதுவும் கெடக்கும்."

அப்போதுதான் புரிந்தது. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் ஈயம் எளிதில் கரையாது. குண்டின்மேல் பார்த்த அந்த வெள்ளைப் பொருக்காக மாறி அங்கேயே நின்றுவிடும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். மனிதர்களே இல்லாத காலத்தில் இங்கே பிறந்து செத்த சிப்பிகளின் ஓடுகள் ஒரு ஊரின் கிணற்றுக்குக் காவல் இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆனால் தண்ணீரைச் சோதிக்காமல் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. கிணற்றில் எடுத்த தண்ணீரைப் புட்டிகளில் அடைத்துக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்குச் செல்வி வீட்டில் டீ. செல்வி அந்த ஊரின் வார்டு உறுப்பினர். கிணற்றைச் சோதிக்க வேண்டும் என்று முதலில் மேரியிடம் வந்து நின்றவர் அவர்தான். காரணம் உள்ளேயிருந்து வந்தது. கை நிறைய வளையலோடு மகள் தேன்மொழி. பூலாம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"அந்தத் தண்ணிய இவ குடிக்கலாமாங்க மேடம்? அத மட்டும் சொல்லுங்க," என்றார் செல்வி.

முடிவு தெரிய ஒரு வாரமாகும், அதுவரை கேன் தண்ணீர் கொடுங்கள் என்றேன். மைதானத்துக்கு வெளியே மண் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, டீயைக் குடித்தபடியே கொல்லைப்புறத்துத் தரையில் கருவியை அழுத்தினேன். திரையைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மைதானத்துக் குழிகளில் காணாத ஈயம் அந்த வீட்டுக் கொல்லையில் இருந்தது. நகர்ந்து நகர்ந்து வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் இடிந்து கிடந்த பழைய மண்ணடுப்பை நெருங்க நெருங்க ஏறியது.

செல்வியின் கணவர் முருகேசன் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை செய்பவர். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவரிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டேன். ஆலையில் வேலை கிடைக்கும் முன்னால் ஏரியில் மீன் பிடித்ததாகவும், மைதானத்துக்கு வேலி இல்லாத அந்த நாளில் குண்டுகளைப் பொறுக்கி வந்து வலையின் அடியில் கட்டும் எடைமணிகளை வார்க்க அந்த அடுப்பில்தான் ஈயம் உருக்கியதாகவும் சொன்னார். ஊரில் வேறு சிலரும் அப்படிச் செய்தார்களாம்.

தேன்மொழி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நான் அந்த அடுப்பு மண்ணத்தான் தின்னுட்டிருந்தேன்," என்றாள்.

மசக்கை நாளிலிருந்தே மண் வாசனைக்கு மனம் அலைந்ததாம். திட்டுவார்களே என்று யாருக்கும் சொல்லவில்லை. வந்த நாளிலிருந்து தினமும் கொஞ்சம். செல்வி கத்துவார் என்று நினைத்தேன். அவர் மகளின் வாயை முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மண்ணைப் பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும், தண்ணீர் தெளித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள் என்றேன். தேன்மொழி இனி அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றும் சொன்னேன். அதுதான் கஷ்டமான பேச்சு. வளைகாப்பு போட்டு அழைத்து வந்த மகளைப் பிரசவத்துக்கு முன் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுவது இங்கே நினைத்துப் பார்க்க முடியாதது. சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று முருகேசன் முனகினார்.

"என்ன வேணா நெனச்சுக்கட்டும்," என்றார் செல்வி. "நடந்தத நானே போயி சொல்றேன்."

மறுநாள் காலை பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் அவர்களைச் சந்தித்தேன். ஈயத்துக்கான ரத்தப் பரிசோதனை அங்கே இல்லை. ரத்தம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினார்கள். பிறகு பேருந்து நிலையம். பூலாம்பாடிப் பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு செல்வி பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்டின் தலைமை, ஒரு குடும்பத்தின் மானம், இன்னும் பிறக்காத ஒரு உயிர், எல்லாவற்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை, மைதானத்து மேட்டைப் பார்த்ததைவிட வியப்போடு பார்த்தேன். பஸ் கிளம்பும்போது அவர் கையாட்டவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

ரயில் நிற்கும் அரியலூருக்கு அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் ஏரி அளவுக்குத் திறந்து கிடந்தன. மாலை ரயிலில் சென்னை திரும்பினேன். நான் குடியிருப்பது தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடியில். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. நான் போய்வந்த ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கிணற்றுத் தண்ணீரில் அஞ்சும்படி ஈயம் இல்லை. செய்தியைச் சொன்னதும் மேரி போனிலேயே அழுதுவிட்டாள். தேன்மொழியின் ரத்தத்தில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் மருந்து கொடுக்கும் அளவுக்கு இல்லை என்றும், மண் தின்பதை நிறுத்திச் சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டால் குறையும் என்றும் மருத்துவர் சொன்னார். மைதானத்து அதிகாரி ஊருக்கு வந்து, ஈயம் உருக்கிய வீடுகளின் மேல்மண்ணை ஆட்கள் வைத்து நனைத்து வெட்டி எடுத்துப்போகச் செய்தார். அவரிடமும் முருகேசன் எதையும் மறைக்காமல் சொன்னாராம்.

தை பிறந்து சில நாள் கழித்துச் செல்வி கூப்பிட்டார். பூலாம்பாடியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். சம்பந்தியம்மா அவரையும் போக விடவில்லை, பிரசவம் முடியும்வரை இங்கேயே இருங்கள் என்று பிடித்து வைத்துக்கொண்டாராம். பெண் குழந்தை. குழந்தையின் ரத்தத்தையும் பார்த்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

"இருங்க மேடம், அவளே பேசுவா," என்று சொல்லிப் போனைக் குழந்தையின் அருகில் வைத்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். பிறகு, அந்த வீடே திரும்பிப் பார்த்திருக்கும், அப்படி ஒரு அழுகை.