வாரவிடுப்பில் ஒரு விரால்

தூண்டில் கடைக்காரனுக்கு மீனின் குணம் தெரிகிறதோ இல்லையோ, வாடிக்கையாளரின் ஷிப்ட் தெரிந்திருக்க வேண்டும். ஒரகடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் ரீசார்ஜ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது என் கடை. ராடு, ரீல், தங்கூஸ் நரம்பு, முள், தக்கை, ரப்பர் தவளை எல்லாம் கிடைக்கும். வெயில் ஏற ஏற ஏரிகள் வற்றும், மீனெல்லாம் நடு மடுவில் ஒதுங்கும், எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். ஞாயிறு விடிந்ததும் ஏரிக் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காய்கறி வாங்கி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு வெறும் பையோடு திரும்பியிருக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது!

இந்தக் கோடை முழுக்க எங்களை ஆட்டி வைத்தவர் சங்கரபாண்டி. அம்பாசமுத்திரத்துக்காரர், இங்கே கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. தாமிரபரணிக் கரையில் பிறந்தும் வாழ்நாளில் ஒரு விரால் பிடித்ததில்லை. ஊரில் கோயில் கொடை நடக்கும்போதெல்லாம் அவருடைய மைத்துனர் கூட்டத்தின் நடுவே அதைச் சொல்லிச் சிரிப்பாராம். மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்குப் போயாக வேண்டும். அதற்குள் ஒரே ஒரு விரால், கையில் பிடித்தபடி ஒரு போட்டோ. மனிதர் கேட்டது அவ்வளவுதான்.

பாதுகாப்பே முதன்மை

முதல் ஞாயிறு அவர் வந்து நின்ற கோலமே தனி. காலில் இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ, தலையில் மஞ்சள் ஹெல்மெட், உடம்பில் பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட். தண்ணீர் இருக்கும் இடத்தில் வழுக்கும் என்று கம்பெனி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். விரால் ஆள் நிழல் அசைந்தாலே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இவரோ அடுத்த ஊருக்கே தெரிகிற மாதிரி கரையில் நிற்கிறார்!

ஷூவோடு சேற்றில் இறங்கினார். திரும்பி வந்தது கால் மட்டும்தான். வல்லம் வடகாலைச் சேர்ந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஏழுமலை எப்போதும் எங்களோடு வருகிறவர். அவர்தான் குப்புறப் படுத்து, தோள்வரை சேற்றில் கையை விட்டு ஷூவை மீட்டார். அதைக் கரையில் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு கெளுத்திக் குஞ்சு துள்ளி விழுந்தது. ஏழுமலை அதைத் தூக்கித் தண்ணீரில் விட்டுவிட்டுச் சொன்னார்: “இன்னா நைனா, முள்ளு எதுக்கு? அடுத்த வாரம் ரெண்டு ஷூவையும் கட்டித் தண்ணில வுடு.”

ஊதியது சங்கு

இரண்டாவது வாரம் வல்லம் பக்கத்து ஏரி. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மதில். மைதா உருண்டை போட்டு மூன்று தக்கைகளையும் மிதக்க விட்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து சங்கரபாண்டியின் தக்கை லேசாக ஆடியது. ஒரு முறை அமுங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பாலிருந்து டீ இடைவேளைச் சங்கு ஊதியது. எங்கள் மூவருக்கும் என்ன ஆனதென்று இன்றுவரை தெரியவில்லை. ராடைக் கீழே வைத்தோம், கையைத் துடைத்துக்கொண்டோம், எழுந்து வரிசையாக நடந்தோம்! நான் கம்பெனியை விட்டு வந்து பல வருடமாகிறது, நானும்தான் நடந்தேன். பத்தடி போன பிறகு ஏழுமலைக்கு உறைத்து, “தோ, ராடு போவுது பா!” என்று அலறினார். திரும்பிப் பார்த்தால் சங்கரபாண்டியின் ராடு தானாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பாய்ந்து பிடித்தோம். முள்ளில் மைதாகூட மிச்சமில்லை. சங்கரபாண்டி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்போ அதுக்கும் இப்பத்தான் டீ டைமா அண்ணாச்சி?”

ஐந்து ‘ஏன்’கள்

அதற்கடுத்த வாரம் விரால் நிஜமாகவே கவ்வியது. கரைக்கு இரண்டடி தூரம்வரை வந்தது. கருத்த முதுகை மூன்று பேரும் கண்ணால் பார்த்தோம். ஒரு புரள் புரண்டு, முள்ளை நிமிர்த்திவிட்டுப் போய்விட்டது. சங்கரபாண்டி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. எவ்வளவு ஆசையாக வந்த மனுஷன்!

கொஞ்ச நேரத்தில் ஒரு குச்சியை எடுத்து மணலில் எழுத ஆரம்பித்தார். கம்பெனி லைனில் ஒரு பாகம் பழுதானால் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிப்பார்களாம். மீன் ஏன் போனது? முள் நிமிர்ந்ததால். முள் ஏன் நிமிர்ந்தது? மெல்லிய முள். மெல்லிய முள்ளை ஏன் போட்டோம்? கடைக்காரர் அதைத்தான் கொடுத்தார். கடைக்காரர் ஏன் அதைக் கொடுத்தார்? அதற்குமேல் எழுதாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜிலேபிக் கெண்டைக்கு வாங்கி வைத்த முள் தீராமல் கிடந்தது என்று எப்படிச் சொல்ல? வெயில் அதிகமாக இருக்கிறது என்று முனகினேன். அவர் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க கம்பெனியிலயும் அப்படித்தான் அண்ணாச்சி, எங்க சுத்தினாலும் கடைசியில சப்ளையர்தான் மாட்டுவாரு.”

கடைசி ஞாயிறு

மே மாதக் கடைசி ஞாயிறு, பிள்ளைப்பாக்கம் ஏரி. மறுநாள் மொத்தமாக வலை இழுக்கப்போவதாகக் குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் சங்கரபாண்டிக்கு ஊர் பஸ். இந்த முறை கடையிலேயே தடித்த முள் வைத்த ரப்பர் தவளையை நானே எடுத்து வந்திருந்தேன்.

விரால் மூச்சு வாங்க மேலே வரும்போது தண்ணீரில் ஒரு குமிழி வெடிக்கும். தாமரைக் கொடி ஓரமாக அந்தக் குமிழியைப் பார்த்து சங்கரபாண்டி தவளையை வீசினார். இழுத்தார், நிறுத்தினார், மறுபடி இழுத்தார். டபாரென்று தண்ணீர் வெடித்தது! ராடு வில்லாய் வளைந்தது, ரீல் கிர்ரென்று கத்தியது, ஏழுமலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குதித்தார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அப்போதுதானா அவருடைய சட்டைப் பையில் போன் அடிக்க வேண்டும்? “எடுத்து யாருன்னு கேளுங்க அண்ணாச்சி! வீட்டுலன்னா ஒண்ணும் சொல்லிராதீங்க, இன்னும் கரையேறல!” என்றார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். கம்பெனி சூப்பர்வைசர். ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டிவிட்டார்களாம். மதிய ஷிப்டுக்கு ஆள் இல்லை, உடனே வந்து கம்பெனி பஸ் ஏறினால் அந்த இடம் சங்கரபாண்டிக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

சங்கரபாண்டியின் முகம் வெளுத்தது. ஊரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பணம் வேண்டும் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். போனைப் பார்த்தார், வளைந்த ராடைப் பார்த்தார். “நரம்ப அறுத்து விட்டுட்டுப் போயிருதேன் அண்ணாச்சி” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் கத்தியைத் தேடினார். எனக்குத் தாங்கவில்லை. போனில் கத்தினேன்: “சார், ஆள் ஓடி வந்துருவாரு, ஆனா இப்போ அவர் தூண்டில்ல விரால் மாட்டியிருக்கு சார்!”

போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன். சூப்பர்வைசர் குரலோ இறங்கி வந்தது. “எந்த ஏரி? எவ்ளோ பெருசு?” சொன்னேன். “கொடிக்குள்ள பூந்துடப் போவுது, ராடை வலது பக்கம் சாய்க்கச் சொல்லுங்க. நரம்பைத் தளர விடாதீங்க!” அவர் சொல்லச் சொல்ல நான் கத்த, நான் கத்தக் கத்த சங்கரபாண்டி இழுக்க, ஏழுமலை மார்போடு சேர்த்து மீனை அணைத்துக்கொண்டு கரையில் வந்து விழுந்தார். முழங்கையைத் தாண்டிய நீளம்! சங்கரபாண்டி அதைத் தூக்கிக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். மைத்துனருக்குப் போன போட்டோவில் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

போன் இன்னும் அணையவில்லை. வேலை என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. சூப்பர்வைசரே சொன்னார்: “பேரை எழுதிட்டேன், அடுத்த பஸ்ல வரட்டும். ஷிப்ட்டு தெனமும் வருது, விரால் தெனமுமா வருது?”

அன்றிலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் முள், நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, அந்த சூப்பர்வைசர் லைனில் சேர வழி உண்டா என்றுதான் கேட்கிறார்கள்.