பெருக்காத மாடி அறை

முத்தியால்பேட்டையில் ஹேமலதாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் அரைக்கும் இட்லி மாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவள் அப்பா கையில் மிஞ்சியது ஒரு கிரைண்டரும் இந்த வீடும்தான். கிரைண்டர் இரண்டு தடவை மாறிவிட்டது, வீடு அப்படியே இருக்கிறது. கணவன் புருஷோத்தமன் பைக் சீட்டுக்கு உறை தைக்கிறவர். ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனதும் மாடி அறை காலியானது. புதுச்சேரிக்குத் தமிழ் படிக்க வரும் வெளிநாட்டுப் பெண்களுக்கு அதை வாடகைக்கு விட்டார்கள்.

ஒரு பெண் வருவாள். முதல் மாதம் மிளகாயைக் கண்டு அழுவாள். கொஞ்ச நாளில் வத்தக்குழம்பு கேட்பாள். படிப்பு முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கட்டாயம் வருவேன் அக்கா" என்பாள். ஊருக்குப் போனதும் போனில் படம் அனுப்புவாள். பனி, பூனைக்குட்டி, புது வீடு. அப்புறம் படம் வருவது நின்றுவிடும். ஒருத்தியும் இதுவரை திரும்பி வந்ததில்லை. ஹேமலதா ஊரைத் தாண்டி அதிகம் போனவள் இல்லை. உலகம் எவ்வளவு பெரியது என்பதை, போனவர்கள் வராததை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அதனால் மெலனி வந்தபோது மனசை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மெலனி இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவுக்காரி. சுருட்டை முடி, கறுத்த முகம். பொட்டு வைத்தால் எதிர்வீட்டுப் பெண் மாதிரி இருப்பாள். கரும்புத் தோட்ட வேலைக்கென்று அவள் முன்னோர்களில் ஒருத்தி இந்தக் கடற்கரையில்தான் கப்பல் ஏறினாளாம். எந்த ஊர், என்ன பேர், ஒன்றும் தெரியாது. குடும்பத்தில் மிஞ்சிய தமிழ் நாலைந்து சொல். மிச்சத்தைத் தேடித்தான் வந்திருந்தாள். வந்த வாரமே மாவு பாக்கெட் கட்ட ஹேமலதாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இறுக்கிக் கட்டிய மனசு அன்றைக்கே அவிழ்ந்துவிட்டது.

வருஷம் ஓடியது தெரியவில்லை. மாசி பிறந்தது. மகத்தன்று சாயங்காலம் மெலனி சென்னைக்குக் கிளம்பி விமானம் ஏற வேண்டும். இன்னும் சில வாரம்தான் என்று தெரிந்ததும் அவள் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்கு மீன் ஏலம் பார்க்கப் போனாள். செஞ்சிக் கோட்டை ஏறிவிட்டு நொண்டிக்கொண்டு வந்தாள். முதலியார்பேட்டையில் யாரோ ஒரு தோழியின் அண்ணன் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் ஆடினாள். எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு வெறி. மூடி வைத்த சோறு மூடியபடியே இருந்தது.

"சாப்ட்டுட்டேன் அக்கா."

"எங்க?"

"கடையில. பரோட்டா."

"ஆமா, வூட்ல ஆளே இல்ல பாரு. கடையிலயே சாப்டு."

மெலனி சிரித்துக்கொண்டே மாடி ஏறிவிட்டாள். புருஷோத்தமன் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "ஏன்டி பொலம்புற? போறதுக்குள்ள ஊரைப் பாத்துட்டுப் போவட்டும்."

"பாக்கட்டும். ஊர்ல நானும்தான இருக்கேன்?"

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு நாள். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் செஞ்சி ரங்கநாதரும் இன்னும் எத்தனையோ ஊர்ச் சாமிகளும் வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு வாசலில் நீர்மோர் கொடுப்பது ஹேமலதா வீட்டு வழக்கம். அன்றைக்கு மெலனி பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் அதை நேராகக் கேட்க வாய் வரவில்லை.

"மகத்தன்னிக்கு மோர் குடுப்போம். உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"அன்னிக்கு பிரெண்ட்ஸ் எல்லாம் எனக்குச் சாப்பாடு குடுக்கறாங்க அக்கா. பாக்கறேன்."

பாக்கறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். இதை மெலனிக்குக் கற்றுக் கொடுத்ததே இந்த ஊர்தான்.

மகத்துக்கு முதல் நாள் ஹேமலதா தயிர் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மாடிப்படியில் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. பினாயில் வாசனை. மேலே மெலனி முட்டி போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த படங்கள் இல்லை. பாய் சுருட்டியாகிவிட்டது. பெட்டி கட்டியாகிவிட்டது. ஒரு முடி, ஒரு தூசி இல்லை. அவள் அங்கே இருந்ததற்கு ஓர் அடையாளம் கிடையாது.

"அக்கா, நல்லா இருக்கா?" என்று பெருமையாகக் கேட்டாள்.

"யாரு உன்னைக் கழுவச் சொன்னது?" ஹேமலதா கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தயிரைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மெலனி கையில் பிரஷ்ஷோடு இறங்கி வந்தாள். புருஷோத்தமன்தான் சொன்னார்.

"பாப்பா, ஒருத்தர் ஊருக்குக் கெளம்புனா வூட்டைப் பெருக்க மாட்டோம், கழுவ மாட்டோம். பொணம் எடுத்த வூட்லதான் உடனே கழுவி வுடுவாங்க. அப்படிச் செஞ்சா போனவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு ஒரு இது."

"நான் இன்னும் போவலையே?"

"பொட்டி கட்டிட்டா போன மாதிரிதான் அவளுக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்ன இருந்த பொண்ணுங்க போனப்ப எல்லாம் வாரக்கணக்குல பெருக்காமதான் போட்டு வெச்சிருந்தா. எவ வந்தா?"

"காது கேக்குது" என்றாள் உள்ளேயிருந்து ஹேமலதா.

மெலனி போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எங்க ஊர்ல ரூமைத் திருப்பிக் குடுக்கறப்ப இப்படித்தான் அக்கா. அதுதான் மரியாதை."

"ரூமாடி குடுத்தேன் உனக்கு?"

மெலனி கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க குடும்பத்துல ஒருத்தி கப்பல் ஏறினாங்க இல்ல? அவங்க கெளம்புனதும் யாரோ வீட்டைப் பெருக்கிட்டாங்கபோல. யாருமே திரும்பி வரல."

"நீ வந்தியே" என்றாள் ஹேமலதா. "எத்தினி தலைமுறை கழிச்சு! அவ்ளோ நாளு என்னால காத்திருக்க முடியாதுடி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தயிர் வெளியில கெடக்குது, காக்கா தட்டி வுடப்போவுது" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் மோருக்கு இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தபோது, மெலனி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து அண்டாவைப் பிடித்தாள்.

"சாப்பாடு குடுக்கறாங்கன்னு சொன்ன?"

"அவங்களை இங்க மோர் குடிக்க வரச் சொல்லிட்டேன்."

வெயில் ஏற ஏறக் கூட்டம் வந்தது. மேளம், பலூன்காரன், தோளில் பிள்ளைகள். மெலனி ஒவ்வொருவர் கையிலும் டம்ளரைக் கொடுத்து, "குடிங்க, இன்னும் குடிங்க" என்று அதட்டினாள். ஒரு கிழவர், "யாரு இது, உம் பொண்ணா?" என்றார். ஹேமலதா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

அண்டா காலியானதும் இருவரும் வைத்திக்குப்பத்துக்கு நடந்தார்கள். சாமிகளுக்கு முன்னால் அலையில் நின்றார்கள். மெலனி மறுகரை தெரியாத அந்தத் தண்ணீரையே பார்த்தாள். ஹேமலதா அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலைக்குப் பயந்துதான் என்று சொல்லிக்கொண்டாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் ஹேமலதா வழக்கம்போலக் குழாயைத் திறந்தாள். "காலைக் கழுவு. ஒரே மண்ணு."

மெலனி கழுவவில்லை. செருப்பை உதறிவிட்டு ஈரக் காலோடு படியேறி ஓடினாள். ஹேமலதா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே காலடிச் சத்தம். ஜன்னல் பக்கம் போனது, கதவுப் பக்கம் வந்தது, மூலைக்கு மூலை போனது. அவசரமே இல்லாமல், அந்த மாதத்தில் முதல்முறையாக, நிதானமாக நடந்தது. பிறகு மெலனி படியில் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஆச்சு. இப்ப பெருக்காதீங்க."

சாயங்காலம் கார் வந்தது, போனது.

பங்குனியில், தமிழ் சொல்லித்தரும் நிலையத்திலிருந்து போன் வந்தது. அடுத்த பெண் வருகிறாள், அறை காலியா என்று கேட்டார்கள். "இன்னும் ரெடியாவல" என்றாள் ஹேமலதா. மெலனியிடமிருந்து இன்னும் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. கரும்புக் காடு, மலை, அவள் தானே வைத்த ரசம். எத்தனை நாளைக்கு வரும் என்பது ஹேமலதாவுக்குத் தெரியாதா என்ன?

புருஷோத்தமன் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தரையில் காய்ந்த மணல் பாத வடிவத்தில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. "மண்ணுதான்டி அது. கடல் காத்து ஒரு வீச்சு வீசுனா தானா போயிடப்போவுது."

ஹேமலதா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போய், கிழக்கு ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள்.