திங்கட்கிழமைச் சிப்பிகள்

பிப்ரவரி 12, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். வேத வாசிப்பு, ஜெபம், குளியல். ஆறரைக்கு இரண்டு இட்லி. ஏழரைக்குக் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருடமாகிறது. அன்று முதல் வெளியே போனால் நானே பூட்ட வேண்டும், வந்தால் நானே திறக்க வேண்டும்.

எட்டரைக்குக் கருத்தரங்கு மண்டபத்தில் இருந்தேன். நச்சியல் பற்றிய இரண்டு நாள் கருத்தரங்கு அது, எங்கள் தூத்துக்குடியிலேயே நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். உள்ளூர்க்காரியான என்னைத்தான் யாருக்கும் தெரியவில்லை. மதியம் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. வயது நாற்பத்தொன்பது. பகுதி நேரமாக ஆறு வருடம் ஒரே ஆராய்ச்சி செய்தேன். துறைமுகத்தை ஒட்டி எடுத்த சிப்பிகளிலும், தூரத்துப் பாரில் எடுத்த சிப்பிகளிலும் செம்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. பார் என்பது கடலுக்கடியில் சிப்பி விளைகிற பாறைத் திட்டு. அங்கே தண்ணீர் சுத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் பாரின் சிப்பிகளிலும் செம்பு கூடுதலாக இருந்தது. நஞ்சு அவ்வளவு தூரம் போய்விட்டது என்று வியாழக்கிழமை மேடையில் நான் சொல்ல வேண்டும். அதோடு என் முனைவர் பட்ட வேலை முடிந்துவிடும்.

அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை. கடைசியில், எனக்குச் சிப்பி எடுத்துத் தருகிற, சங்கு குளிக்கும் அந்தோணி அண்ணனிடம் சொல்லலாம் என்று மாலை ஐந்து மணிக்குப் படகுத்துறைக்குப் போனேன்.

“வாங்க டீச்சர். பட்டுச் சேலையில வந்திருக்கிய, கல்யாண வீடா?”

“கருத்தரங்கு அண்ணே. நீங்க எடுத்துத் தந்த சிப்பியப் பத்தி நாளைக்கு மேடையில பேசப் போறேன்.”

பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த மைத்துனர் சேவியரை அவர் திரும்பிப் பார்த்தார். “கேட்டியாலே? நான் எடுத்த சிப்பி மேடை ஏறுது. நீ எடுத்தது சட்டியிலதாம் ஏறும்.”

துறைத் தூணில் கட்டிய ஒரு வலைப்பை தண்ணீருக்குள் தொங்கியது. உள்ளே சிப்பிகள். அது என்ன என்று கேட்டேன்.

“ஓட்டலுக்கு. நாளைக்குத்தான் வருவாவ. அதுவரை உசுரோட கெடக்கணுமில்லா? ஒங்களுக்கும் இப்படித்தானே கட்டிப் போட்டுத் தந்தேன்.”

“எனக்கா? எப்போ?”

“திங்கக்கெழம தந்ததெல்லாம் இப்படித்தான். ஞாயித்துக்கெழம நாங்க பூசைக்குல்லா போவோம், கடலுக்கா போவோம்? திங்கக்கெழம மட்டும் நீங்க காலையிலயே வந்துருவிய, அதான் சனிக்கெழம பாருல எடுத்தத இங்கன போட்டு வச்சிருந்து தந்தேன். உசுரோட வேணும்னு நீங்கதானே ஆயிரம் வாட்டி சொன்னிய.”

“ஒண்ணு செத்துப்போச்சுன்னு ஒரு நாள் அழாத கொறயா நின்னிய,” என்றார் சேவியர். “அதுக்கப்புறம் மச்சான் ஒங்க சிப்பிய மாப்பிள்ள மாதிரில்லா கவனிச்சாவ.”

என்னால் சிரிக்க முடியவில்லை. சிப்பி ஒட்டாமலிருக்கப் படகுகளின் அடியில் செம்பு கலந்த பெயிண்ட் பூசுகிறார்கள். துறையின் தண்ணீரில் அந்தச் செம்பு கரைந்திருக்கும். பாரின் சிப்பிகள் ஒன்றரை நாள் அதைக் குடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கின்றன. அவர்மேல் தப்பில்லை. உயிரோடு வேண்டும் என்று சொன்ன நான், எந்தத் தண்ணீரில் வைத்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு வீட்டுக்கு வந்து ஆறு வருட நாட்குறிப்புகளையும் எடுத்தேன். எனக்குக் கல்லூரியில் திங்கட்கிழமைதான் வகுப்பு குறைவு. பாரின் சிப்பிகளில் பாதிக்கு மேல் அன்று வாங்கியவை.

முழங்காலில் நின்றேன். கருத்தரங்கு நின்றுபோக வேண்டும் என்று ஜெபித்தேன். எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்றும் கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டேன். பிறகு, இந்தத் தவறைச் சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்யாதே என்று சொல்லவும் அந்த வீட்டில் ஆள் இல்லை. அம்மாவை அடக்கம் செய்த நாளில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அழுது முடித்தபோது ஒரே ஒரு விண்ணப்பம் மிஞ்சியது. “ஆண்டவரே, உண்மையைச் சொல்ல என் வாயை நீரே திறந்தருளும். எனக்கு பலம் இல்லை.”

வியாழக்கிழமை காலை காய்ச்சல் இல்லை. கருத்தரங்கும் நிற்கவில்லை. திங்கட்கிழமைச் சிப்பிகளை நீக்கி, மீதியைத் தனியாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

மதியம் 2.20-க்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறும்வரை என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றதும், “நான் அனுப்பிய கட்டுரையின் முடிவு தவறு” என்றேன். படகுத்துறை, வலைப்பை, ஞாயிற்றுக்கிழமை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். என் குரல் நடுங்கவில்லை. ஆட்டோக்காரரிடம்கூட எதிர்த்துப் பேசாதவள் நான். அது என் தைரியம் இல்லை.

முன்வரிசையில் ஒரு வயதான பெண்மணி எழுந்தார். கேரளத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளர். “திங்கட்கிழமைகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மற்ற நாட்களின் சிப்பிகளில் செம்பு குறைவு, பார் சுத்தமாக இருக்கலாம், ஆனால் அப்படிச் சொல்ல இவ்வளவு மாதிரிகள் போதாது என்றேன்.

“மறுபடியும் எடுங்கள். பாதியை எனக்கு அனுப்புங்கள், நானும் சோதிக்கிறேன்,” என்றார்.

தேநீர் நேரத்தில் அவரே கோப்பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நானும் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றிருக்கிறேன். அன்று தனியாகத்தான் தேநீர் குடித்தேன்,” என்றார். இப்படி ஒருவரை அனுப்பும்படி நான் ஜெபிக்கவே இல்லை.

பட்டம் இன்னும் ஒரு வருடமாவது தள்ளிப்போகும். “காலையிலேயே என்கிட்ட சொல்லிருக்கலாம்,” என்றார் பேராசிரியர். அது நியாயம். மாலையில் அந்தோணி அண்ணனிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, “பாருல விசம்னு நீங்க சொல்லிருந்தா எங்க சிப்பிய எவன் டீச்சர் வாங்குவான்?” என்றார். அதுவரை நான் என் பட்டத்தைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டிருந்தேன்.

அன்பானவர்களே, நான் கேட்ட காய்ச்சலைத் தராத கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். தனியாக வாழ்கிறவர்களுக்கு இதை விசேஷமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பதில் சொல்ல ஒருவரும் இல்லாதபோதும் உங்களைக் கேட்கிறவர் இருக்கிறார். பலம் இல்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். அதுவும் ஜெபம்தான். நம்பிச் சொல்லலாம்.

பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. முதல் வேலையாக, பாரிலேயே சிப்பிகளை வாங்கி வைக்க ஐஸ் பெட்டியோடு ஐந்தே காலுக்கு அந்தோணி அண்ணனின் படகில் ஏறினேன். ஆறு வருடத்தில் இதுதான் முதல் முறை. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.