ஆறு இறங்கினால் பயப்படுகிறவன்

சூனியமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. துரைராசு எங்கள் வீட்டுச் சுவர்களில் ஒட்டியது சோற்றுப் பசை தடவிய காகிதத் துண்டு. பழைய கல்யாணப் பத்திரிகையை விரல் அகலத்துக்கு நறுக்கி, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிவிட்டுப் போவான். விரிசல் வளர்ந்தால் காகிதம் கிழியும், வளராவிட்டால் அப்படியே இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத எனக்கே இது விளங்கியது. பன்னிரண்டாவது வரை படித்த பக்கத்து வீட்டுக் கனகாவுக்கு விளங்காவிட்டால் அது அவன் குற்றமா? கல்யாணப் பத்திரிகை தீர்ந்துபோய் அவள் வீட்டில் மட்டும் கருமாதிப் பத்திரிகையை ஒட்டிவிட்டான். அது தப்புதான், அன்றைக்கே கண்டித்தேன். "எழுத்து உள்பக்கம் போறாப்பலதானே பெரியம்மா ஒட்டியிருக்கேன்" என்றான்.

கைபோர் இறக்குவது அவன் தொழில். முப்பது வருடமாக இந்தச் சுற்று வட்டாரத்தில் ஆழ்குழாய் போடுகிறான். குழாயில் வருகிற மண்ணை விரலில் தேய்ப்பான், முகர்வான், யாரும் பார்க்காவிட்டால் நாக்கிலும் வைப்பான். பேராவூரணியிலிருந்து அவன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று இவன் கேட்கவே இல்லை. உங்கள் தோப்பில் எத்தனை அடியில் தண்ணீர் என்று சம்பந்தியைப் பிடித்துக்கொண்டான். பஜ்ஜி ஆறிப்போயிற்று, இவர்கள் இன்னும் இரண்டாவது களிமண் படுகையைக் கூடத் தாண்டவில்லை.

துரைராசு வீட்டையும் சேர்த்து நாங்கள் ஏழு வீட்டுக்காரர்கள் கொள்ளிடக் கரையின் ஆற்றுப் பக்கச் சரிவில் குடியிருந்தோம். மேலே கரைச் சாலை, கீழே ஆறு. இந்தக் கரை ஒரு நாள் வழுக்கிக்கொண்டு போகும் என்று அவன் சொன்னபோது தெருவே சிரித்தது. மண்ணு சரிய இது என்ன ஊட்டியா என்று கேட்டார்கள். "மேல வண்டலு, கீழ களி. நடுவுல தண்ணி நின்னா சோப்பு மேல உக்காந்த மாதிரி" என்பான். கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி வைத்திருந்தான். தினமும் காலையில் கயிற்றில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி உள்ளே விட்டு, குழாயில் காதை வைத்துக்கொள்வான். களக் என்று சத்தம் கேட்டால் தண்ணீர் எத்தனை அடியில் என்று கரியால் சுவரில் கோடு போடுவான். அதற்கு முன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.

குளிக்கிற தண்ணீரைச் சரிவில் விடாதீர்கள், குழாய் வைத்துக் கீழே இறக்குங்கள் என்று வீடு வீடாகப் போய்க் குளியலறைச் சாக்கடையைக் குனிந்து பார்ப்பான். அவன் எதைப் பார்த்தான் என்று கனகா ஊரெல்லாம் ஒரு கதை கட்டினாள். கதை அவன் பெண்டாட்டி எல்லையம்மாளின் காதுக்கும் வந்தது. "பொம்பளையப் பாக்குற ஆளா இருந்தா என்னைய ஒரு தடவையாச்சும் பாத்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

போன ஐப்பசியில் மேட்டூரிலிருந்து உபரித் தண்ணீர் வந்து ஆறு எங்கள் கடைசிப் படியை நக்கியது. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நின்றோம். துரைராசு வறுத்த கெண்டையைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டான். எழுப்பிக் கேட்டேன். "இப்ப ஆறு கரைக்கு முட்டுக் குடுத்திருக்கு பெரியம்மா. அது கைய எடுக்கிறப்பதான் பயம்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான்.

ஒன்பது நாள் நின்ற தண்ணீர் இரண்டே நாளில் ஓராள் உயரம் இறங்கியது. கனகா கேசரி கிளறி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். அன்றைக்குத்தான் இவன் தலைதெறிக்க ஓடிவந்தான். ஆறு இறங்கிவிட்டது, ஆனால் குழாயில் தண்ணீர் நாலடியிலேயே நிற்கிறதாம். கரை ஊறிப்போய்க் கனத்துக் கிடக்கிறது, தாங்க ஆள் இல்லை. ஐந்து வீட்டில் காகிதம் கிழிந்திருந்தது. சாலைக்கு ஏறிவிடுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கையெடுத்துக் கும்பிட்டான். "தண்ணி வர்றப்ப தூங்குன ஆளு, போறப்ப வந்து கெளம்புங்குறாரு" என்றாள் கனகா. எல்லோரும் சிரித்தார்கள். பொய் சொல்வானேன், நானும்தான் சிரித்தேன். அவன் எல்லையம்மாளைக் கூட்டிவரத் தன் வீட்டுக்குள் போனான்.

போனவனால் வெளியே வர முடியவில்லை. காலையில் ஒரு விரல் பட்டால் திறந்த கதவு, நிலையோடு இறுகிக் கிடந்தது. வீடு கோணியிருந்தது. உள்ளேயிருந்து கீலைத் தட்டும் சத்தம் கேட்டது. அதற்குள் எங்கள் வீடுகளுக்கும் சாலைக்கும் நடுவே தரை பிளந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முழம் அகன்றது. யாரும் சிரிக்கவில்லை. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பிளவின் ஓரத்தில் வந்து திகைத்து நின்றோம், கனகா எல்லோருக்கும் முன்னால்.

துரைராசு கழற்றிய கதவைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தான். பின்னால் எல்லையம்மாள் வெறுங்கையோடு வந்தாள். அவன் திரும்பிப் பார்க்காமல் நேரே நடந்துவந்து, கதவைப் பிளவின் குறுக்கே கிடத்தி, இந்த முனையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதவில் ஒட்டிய சேற்றை வழுக்காதபடி துடைத்துவிட்டு, கனகாவிடம் கையை நீட்டினான்.