போர்போரிக்மஸ் பார்டர்

காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் நான் வேலை பார்த்தபோது, என்னோடு முதல் மாடியில் நின்ற அக்காவுக்கு நீளமான இங்கிலீஷ் வார்த்தைகள் என்றால் உயிர். போனில் எழுத்துகளை அடுக்கி வார்த்தை சேர்க்கும் விளையாட்டு ஒன்று வைத்திருந்தார். அதில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக யாரும் பேசாத வார்த்தைகளாகத் தேடி, அர்த்தத்தோடு மனப்பாடம் செய்வார்.

கூட்டம் இல்லாத நேரத்தில் எங்களுக்குள் ஒரு ஆட்டம். அவர் வார்த்தை சொல்வார். எனக்கு அர்த்தம் தெரியாவிட்டால், விரித்துப் போட்ட புடவைகளை நான் மடிக்க வேண்டும். 'டிஃபெனஸ்ட்ரேஷன்' என்றால் ஒருவரை ஜன்னல் வழியாக வெளியே எறிவது. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்குவதற்கு இருபத்தொன்பது எழுத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு புடவையை மடித்துவிடலாம். எட்டு மாதத்தில் மடிப்பதில் எனக்குக் கை தேறிவிட்டது.

வைகாசியில் ஏனாத்தூரிலிருந்து ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். நாற்பது புடவை பார்த்தும் ஒன்றும் பிடிக்கவில்லை. நான் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன். மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் போட்ட ஒன்றை விரித்தேன். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வயிறு இரைந்தது. கொஞ்ச நேரம் இரைந்தது.

அக்கா முகம் மாறாமல் என்னைப் பார்த்து, "போர்போரிக்மஸ்" என்றார்.

வயிற்று இரைச்சலுக்கு அதுதான் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த சில வார்த்தைகளில் ஒன்று.

"அது இன்னாமா?" என்றார் அந்த அம்மா.

"பார்டர் பேரும்மா. இப்பதான் வந்துக்கினு இருக்குது" என்றார் அக்கா.

"அதான் பார்த்தேன். வேற எங்கயும் இந்த மாதிரி இல்ல." அதையே எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும், "இன்னாக்கா, இப்படிப் பொய் சொல்லிட்டீங்க?" என்றேன்.

"ஜரிகையில பொய் சொன்னாதான் தப்பு. புடவை நல்ல புடவைதானே?"

எனக்கு மனசு ஆறவில்லை. ஏனாத்தூரில் யுனிவர்சிட்டி இருக்கிறது. கல்யாணத்துக்கு இங்கிலீஷ் புரொபசர் யாராவது வந்து, பார்டர் பெயரைக் கேட்டுவிட்டால் அந்த அம்மா என்ன ஆவார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன்.

கல்யாணம் முடிந்து அவர் தன் நாத்தனாரோடு திரும்பி வந்தார். நாத்தனாருக்கும் அதே பார்டர் வேண்டுமாம். நாத்தனார் ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போனபோது, அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வயிறு என்னுடையது என்பதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"மண்டபத்துல எல்லார்கிட்டயும் சொன்னேனே" என்றார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா."

"காலேஜ் சார் ஒருத்தர் மட்டும் ரெண்டு வாட்டி பேரு கேட்டாரு. அப்புறம், ரொம்பப் பொருத்தம்னு சொல்லிட்டு பந்திக்குப் போயிட்டாரு." கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரை ஒரு தடவை பார்த்தார். "அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. பச்சையில ஒரு போர்போரிக்மஸ் எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் முதலாளி மாடிக்கு வந்து, ஏதோ புது பார்டர் நன்றாகப் போகிறதாமே, இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கும் முன்பே, "தீர்ந்துபோச்சு சார்" என்றேன்.